காரியாலயக் கணினியில் பழுது காணும் முறை

ஒரு தலைமுறைக்கு முன்புவரை வியாபார ஸ்தாபனம் ஒன்றின் நிலையை அறிய விரும்பியவர் அதன் பேரேட்டைப் புரட்டிப் பார்த்தார். அன்றாட வரவு செலவு குறிப்பேட்டில் ஏறும். அங்கிருந்து பேரேட்டுக்குச் செல்லும். ஆண்டு முடிவில் ஐந்தொகையாக உருப்பெறும். தொகை எங்கேனும் பொருந்தாவிட்டால், கணக்கர் வரிசையின்மேல் விரலை வைத்துக்கொண்டு மேலிருந்து கீழ்வரை வந்து பிழையைக் கண்டுபிடித்துவிடுவார். அது மையினால் எழுதப்பட்டிருந்தமையால் கண்ணுக்குப் புலப்பட்டது. யாருடைய கையெழுத்து என்பதும் தெரிந்தது.

இன்று சம்பளப் பட்டியல், சரக்கிருப்பு, விற்பனைச் சீட்டு, வரிக் கணக்கு, வங்கியின் பற்று வரவு ஆகிய யாவும் கணினிக்குள் இயங்கும் மென்பொருளால் நடைபெறுகின்றன. பிழைகள் இப்போதும் நேர்கின்றன. ஆனால் அவை கண்ணுக்குத் தெரிவதில்லை. அடித்தல் திருத்தல் ஏதுமின்றி, சரியான தொகையும் தவறான தொகையும் ஒரே அழகுடன் திரையில் தோன்றுகின்றன. இதனால், யந்திரம் சொல்வது மெய்யாகவே இருக்கும் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. அவ்வெண்ணத்தின் விலையைச் சிலர் தம் உத்தியோகத்தாலும், சிலர் தம் மானத்தாலும், சிலர் சிறைவாசத்தாலும் செலுத்தியிருக்கின்றனர். எனவே, மென்பொருளின் பழுதைக் கண்டறிவது நிபுணர்களுக்கு மட்டும் உரிய விஷயம் அன்று. அதை எழுதுபவர், நிர்வகிப்பவர், அன்றாடம் பயன்படுத்தும் குமாஸ்தா ஆகிய மூவருக்கும் அதில் பங்குண்டு. அம்முறையின் முக்கியமான அம்சங்களை இங்கே ஆராய்வோம்.

முறையீட்டைக் கேட்டல்

பழுது பார்க்கும் வேலை முறையிடும் மனிதரிடம் தொடங்குகிறது. “கணினி வேலை செய்யவில்லை” என்று ஒருவர் வந்து சொன்னால், அவரிடம் கேட்கவேண்டிய வினாக்கள் ஐந்து. என்ன செய்ய முயன்றீர்கள்? என்ன நிகழும் என்று எதிர்பார்த்தீர்கள்? உண்மையில் என்ன நிகழ்ந்தது? எந்த நேரத்தில் நிகழ்ந்தது? உங்களுக்கு மட்டுமா, மற்றவர்களுக்கும் அவ்வாறே நிகழ்கிறதா?

ஐந்தாவது வினா மிகவும் பயனுடையது. ஒருவருக்கு மட்டுமே தொல்லை என்றால், அவருடைய கணினியிலோ, பாஸ்வேர்டிலோ, அவருக்கு அளிக்கப்பட்ட உரிமைகளிலோ காரணத்தை முதலில் தேடலாம். கிளைக் காரியாலயம் ஒன்று முழுவதற்கும் தொல்லை என்றால், அதைத் தலைமைக் காரியாலயத்தோடு இணைக்கும் தொடர்பை நோக்கவேண்டும். எல்லாக் கிளைகளுக்கும் என்றால், நடுவிலுள்ள சர்வரையோ அதில் இயங்கும் புரோகிராமையோ ஐயுறலாம். ஒரே ஒரு வினா, தேடவேண்டிய பரப்பை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கிவிடுகிறது.

திரையில் தோன்றும் பிழைச் செய்தியைச் சொல்லுக்குச் சொல் எழுதி வைத்துக்கொள்ளவேண்டும். இக்காலத்தில் கைப்பேசியால் ஒரு படம் எடுத்துக்கொண்டாலே போதும். “ஏதோ எர்ரர் என்று வந்தது, மூடிவிட்டேன்” என்னும் விடையிலிருந்து எந்த நிபுணராலும் எதையும் அறிய இயலாது. அச்செய்தியில் உள்ள எண்ணும் நேரமும், சர்வர் எழுதி வைக்கும் லாக் என்னும் நிகழ்ச்சிக் குறிப்பில் சரியான வரிக்கு நம்மை அழைத்துச் செல்லும் அடையாளங்களாகும்.

கணினியை நிறுத்தி மீண்டும் இயக்குவது பலருக்கும் தெரிந்த கைமருந்து. அது பெரும்பாலும் பலனளிக்கிறது என்பதே அதில் உள்ள ஆபத்து. நிறுத்தும்போது, நினைவகத்தில் இருந்த நிலைமை முழுவதும் மறைந்துவிடுகிறது; பழுதுக்குச் சான்றாக இருந்ததும் அதனோடு மறைகிறது. அடுத்த வாரம் அதே தொல்லை திரும்பி வரும்போது, நாம் முன்பு நின்ற இடத்திலேயே நிற்போம். ஆகையால், மீண்டும் இயக்குவதற்கு முன் லாக் குறிப்புகளை வேறோர் இடத்தில் நகலெடுத்து வைப்பதும், எந்தெந்தப் புரோகிராம்கள் எவ்வளவு நினைவகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன என்று குறித்துக்கொள்வதும் அவசியம்.

பிறகு எழவேண்டிய வினா, “கடைசியாகச் சரியாக இருந்ததற்குப் பின் என்ன மாறியது?” என்பது. நேற்று வரை ஒழுங்காக இயங்கிய ஒன்று இன்று இயங்காவிடில், ஏதோ ஒன்று மாறியிருக்கவேண்டும். புதிய புரோகிராம் ஏற்றப்பட்டிருக்கலாம். யாரோ ஒருவருடைய பாஸ்வேர்டின் கெடு முடிந்திருக்கலாம். பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகியிருக்கலாம். லாக் குறிப்புகள் பெருகிப் பெருகி வட்டில் இடமே இல்லாமல் போயிருக்கலாம். இவற்றுள் கடைசி மூன்றும் எவரும் கை வைக்காமலே, நாட்கள் செல்வதால் மட்டும் நேர்பவை. சர்வரின் வட்டில் எவ்வளவு இடம் மீதம் இருக்கிறது, எந்தச் சான்றிதழ் எந்தத் தேதியில் முடிகிறது என்பதை நிர்வாகி ஒரு பட்டியலாக வைத்து வாரந்தோறும் நோக்கினால், நடுஇரவில் வரும் அழைப்புகளில் பல வாராமலே போகும்.

பாதியாகப் பிரித்தல்

காரணம் இன்னும் புலப்படாவிட்டால், ஊகங்களை நாடாமல் பாதியாகப் பிரிக்கும் முறையை நாடவேண்டும். விற்பனை முகப்பில் குமாஸ்தா தட்டிய விவரம் தொடர்பு வழியாகச் சர்வருக்குச் சென்று, புரோகிராமால் கணக்கிடப்பட்டு, தரவுத்தளத்தில் பதிவாகி, மீண்டும் சீட்டாக அச்சாகி வருகிறது. அச்சான சீட்டில் தொகை தவறு என்றால், நடுவிலிருக்கும் தரவுத்தளத்தை முதலில் பார்க்கவேண்டும். அங்கே பதிவு சரியாக இருப்பின், முற்பாதி முழுவதும் குற்றமற்றது. பழுது அச்சடிக்கும் பாதியில் இருக்கிறது. பதிவே தவறாயின், பிற்பாதியை மறந்துவிடலாம். எஞ்சிய பாதியை மறுபடியும் இரண்டாக்கலாம்.

இம்முறையின் வலிமை கணிதத்தில் இருக்கிறது. ஒரு புரோகிராமில் அடுத்தடுத்துச் செய்யப்பட்ட 1,024 மாற்றங்களுள் ஏதோ ஒன்று பழுதை உண்டாக்கியது என்று கொள்வோம். ஒவ்வொன்றாகச் சோதித்தால் ஆயிரம் சோதனைகள் தேவைப்படலாம். நடு மாற்றத்தை எடுத்துச் சோதித்து, பழுதுள்ள பாதியை மட்டும் வைத்துக்கொண்டு மேலே சென்றால், 10 சோதனைகளில் குற்றவாளி அகப்பட்டுவிடும். ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: ஒவ்வொரு மாற்றமும் தனித்தனியே, தேதியோடும் காரணத்தோடும் பதிந்து வைக்கப்பட்டிருக்கவேண்டும்.

நம் நாட்டில் அடிக்கடி காணும் பழுதுகள்

சில பழுதுகள் எல்லா நாட்டிலும் பொது. இரண்டு குமாஸ்தாக்களில் ஒருவர் சரக்கிருப்பு ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாடிக்கையாளர் ஏட்டுக்காகக் காத்திருக்கிறார்; மற்றவர் வாடிக்கையாளர் ஏட்டை வைத்துக்கொண்டு சரக்கிருப்பு ஏட்டுக்காகக் காத்திருக்கிறார். இருவரும் விடமாட்டார்கள், வேலை நின்றுவிடும். கணினியில் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் தரவுத்தளத்தை நாடும்போது இதே பூட்டு விழுகிறது. எல்லா வேலைகளும் ஏடுகளை ஒரே வரிசையில்தான் எடுக்கவேண்டும் என்று விதி செய்தால் இந்தப் பூட்டு விழாது.

வேறு சில பழுதுகள் நம் நாட்டுக்கே உரியவை. முதலாவது, நேரம். இந்திய நேரம் உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி முந்தியது. சர்வர்கள் பலவும் உலகப் பொது நேரத்தையே வைத்துக்கொள்கின்றன. அதை இந்திய நேரமாக மாற்றாமல் தேதியை மட்டும் எடுக்கும்படி புரோகிராம் எழுதப்பட்டிருந்தால், விடியற்காலை ஐந்தரை மணிக்கு முன் நிகழும் ஒவ்வொன்றும் முந்திய நாளின் கணக்கில் ஏறும். பத்து மணிக்குத் திறக்கும் கடையில் இது ஒருபோதும் வெளிப்படாது. விடியுமுன் பால் அளக்கும் கூட்டுறவுச் சங்கத்திலும், இரவு முழுவதும் திறந்திருக்கும் மருந்துக் கடையிலும் நாள்தோறும் வெளிப்படும். ஏப்ரல் 1-ஆம் தேதி காலை 4 மணிக்கு எழுதிய சீட்டோ மார்ச் 31-ஆம் தேதிக்கு, அதாவது கடந்த நிதியாண்டுக்கே, போய்விடும்! ஒரு தொல்லை குறிப்பிட்ட மணிக்கு முன் மட்டுமே நிகழ்கிறது என்று தெரிந்தால், முதலில் கடிகாரத்தை ஐயுறவேண்டும்.

இரண்டாவது, எழுத்து. யூனிகோடு முறையில் ‘கோ’ என்னும் தமிழ் எழுத்தை இரு வகையாக எழுதி வைக்கலாம். ககரத்தை அடுத்து ஓகாரக் குறி ஒன்றை இடலாம்; அல்லது, ககரத்தை அடுத்து இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியே இடலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும்; கணினியின் சேமிப்பில் அவை வேறு வேறு. கோமதி என்பவர் ஒரு கிளையில் ஒரு வகையாகவும் மற்றொரு கிளையில் மறு வகையாகவும் பதியப்பட்டால், தேடும்போது “அப்பெயரில் எவரும் இல்லை” என்று யந்திரம் சாதிக்கும். அவ்வம்மையாரின் ஓய்வூதியமோ உதவித்தொகையோ அங்கேயே நின்றுவிடும். பெயர்களை ஏற்கும் வாசலிலேயே எல்லாவற்றையும் ஒரே வகைக்கு மாற்றிப் பதிவதுதான் இதற்குப் பரிகாரம். தந்தையின் முதலெழுத்தை முன்னே வைத்து எழுதும் நம் வழக்கத்தை அறியாமல், குடும்பப் பெயர் இல்லாவிடில் ஏற்கமாட்டேன் என்று மறுக்கும் படிவங்களும் இந்த இனத்தைச் சேர்ந்தவையே.

மூன்றாவது, காசு. பத்துக்காசு என்பதை ரூபாயின் பின்னமாக, அதாவது 0.1 என்று, இரும எண் முறையில் எழுதினால் அது முடிவின்றி நீளும். யந்திரம் ஓரிடத்தில் வெட்டிவிடும். ஆகவே பணத்தை முழுக் காசுகளாகவோ, பணத்துக்கென்று அமைந்த பதின்மான எண்ணாகவோ வைத்துக்கொள்வதே முறை. தசமத்தை எந்த இடத்தில் முழுமையாக்குவது என்பதும் முக்கியம். 10 ரூபாய் 5 காசு மதிப்புள்ள பண்டங்கள் மூன்றுக்கு மாநில வரி 9 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கணக்கிட்டு முழுமையாக்கினால் வரி 2 ரூபாய் 70 காசு. மொத்தத்துக்குக் கணக்கிட்டால் 2 ரூபாய் 71 காசு. விற்பனைப் புரோகிராம் ஒரு முறையையும் கணக்குப் புரோகிராம் மறு முறையையும் கையாண்டால், இரண்டும் ஒருநாளும் ஒத்துப்போகா.

ஒரு காசு தானே என்று இகழ்வதற்கில்லை. கனடாவின் வான்கூவர் பங்குச் சந்தை 1982-இல் 1,000 என்னும் எண்ணில் தன் விலைக் குறியீட்டைத் தொடங்கியது. ஒவ்வொரு வியாபாரத்துக்குப் பின்னும் குறியீட்டைக் கணக்கிட்ட புரோகிராம், மூன்று தசமங்களுக்கு மேற்பட்டதை முழுமையாக்காமல் வெட்டி எறிந்து வந்தது. நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான முறை இவ்வாறு வெட்டியதன் பயனாக, 1983 நவம்பரில் குறியீடு 524-க்கு இறங்கியிருந்தது. சரியாகக் கணக்கிட்டபோது அது 1,098-க்கு மேல் இருக்கவேண்டும் என்று தெரிந்தது.

நான்காவது, வரி விகிதம். 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு மற்றும் சேவை வரியின் விகிதங்கள் பல பண்டங்களுக்கு மாறின. விகிதத்தைப் புரோகிராமுக்குள்ளேயே எண்ணாக எழுதி வைத்திருந்தால், பழைய எண்ணை அழித்துப் புதியதை எழுதவேண்டியிருக்கும். அவ்வாறு அழித்த பிறகு, மாற்றத்துக்கு முன் விற்ற பண்டம் ஒன்று திரும்பி வந்தால், வாங்கிய வரி ஒன்று, திருப்பித் தரும் வரி வேறொன்று என்றாகிவிடும். விகிதத்தைத் தனிப் பட்டியலில், “எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை” என்னும் விவரத்தோடு வைப்பதே சரியான அமைப்பு. மாறக்கூடிய எதையும் தேதியின்றி எழுதி வைக்கலாகாது என்பது மென்பொருள் எழுதுவோர் மனத்தில் கொள்ளவேண்டிய விதி.

திருத்தம் செய்யும்போது எச்சரிக்கை

காரணம் தெரிந்தவுடன் கை பரபரக்கும். பழுதினால் விளைந்த நஷ்டத்தைவிட, அவசரத் திருத்தத்தால் விளைந்த நஷ்டம் பெரிதான சந்தர்ப்பங்கள் உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றவேண்டும். மாற்றத்தை முதலில் சோதனைக் கணினியில் செய்து பார்க்கவேண்டும். பழைய நிலைக்குத் திரும்பும் வழியை முன்கூட்டியே எழுதி வைத்திருக்கவேண்டும். இம்மூன்றும் எவ்வளவு முக்கியம் என்பதை அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு சம்பவம் விளக்குகிறது.

2012 ஆகஸ்டு 1-ஆம் தேதி, நைட் கேப்பிடல் என்னும் பங்கு வர்த்தக நிறுவனம் புதிய புரோகிராம் ஒன்றுடன் சந்தை நாளைத் தொடங்கியது. அதை எட்டுச் சர்வர்களில் ஏற்றவேண்டும். ஏழில் மட்டுமே ஏற்றியிருந்தனர். எட்டாவதில், 2003-இலிருந்து பயன்படாமல் கிடந்த பழைய பகுதி ஒன்று நீக்கப்படாமல் இருந்தது. புதிய புரோகிராமை இயக்குவதற்கு வைத்த அடையாளமும், அப்பழைய பகுதியை முன்பு எழுப்பி வந்த அடையாளமும் ஒன்றே. எனவே எட்டாவது சர்வர் பழைய பகுதியை எழுப்பிவிட்டது. போதும் என்று நிறுத்தத் தெரியாமல் அது ஆணைமேல் ஆணையாக அனுப்பிக்கொண்டே இருந்தது. சந்தை திறப்பதற்கு முன்பே 97 எச்சரிக்கை மின்னஞ்சல்களை அந்நிறுவனத்தின் கணினியே அனுப்பியிருந்தது; எவரும் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. தொல்லை தெரிந்தபின், புதிய புரோகிராமே குற்றவாளி என்று எண்ணி, அது சரியாக இயங்கிய ஏழு சர்வர்களிலிருந்தும் அதை நீக்கினர். விளைவாக, அந்த ஏழும் பழைய பகுதியை எழுப்பத் தொடங்கின. 45 நிமிடங்களில் நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வியாபாரங்கள் நடந்து, 46 கோடி டாலருக்கு மேல் நஷ்டமாயிற்று.

இதில் நாம் கற்கவேண்டியவை சிறிய விஷயங்களே. பயன்படாத பகுதியை விட்டு வைக்கலாகாது. ஒரு பொருளைக் குறித்த அடையாளத்தை மற்றொன்றுக்கு எடுத்தாளலாகாது. எல்லாச் சர்வர்களும் ஒரே நிலையில் இருக்கின்றனவா என்பதை இரண்டாவது மனிதர் ஒருவர் சரிபார்க்கவேண்டும். எச்சரிக்கைகள் யாருக்கு வருகின்றன, அவற்றைப் படிப்பது யாருடைய கடமை என்பது எழுத்தில் இருக்கவேண்டும்.

நகல் என்பது எது?

நிர்வாகியின் கடமைகளில் தலையாயது நகலெடுத்து வைத்தல். “நாள்தோறும் பேக்கப் எடுக்கிறோம்” என்று சொல்லாத ஸ்தாபனம் இன்று இல்லை. அந்த நகலிலிருந்து தரவுகளை ஒரு முறையேனும் மீட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டால் பலரும் மௌனமாகிவிடுகின்றனர்.

2017 ஜனவரி 31-ஆம் தேதி, கிட்லேப் என்னும் நிறுவனத்தில், இரவு நெடுநேரம் பழுது பார்த்துக்கொண்டிருந்த பொறியாளர் ஒருவர், துணைச் சர்வர் என்று எண்ணித் தலைமைச் சர்வரின் தரவுகளை அழித்துவிட்டார். சில நொடிகளில் உணர்ந்து நிறுத்துவதற்குள் பெரும்பகுதி மறைந்துவிட்டது. நகலெடுக்க அந்நிறுவனம் ஐந்து வழிகள் வைத்திருந்தது. ஐந்தில் ஒன்றும் நம்பும்படி இயங்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. நாள்தோறும் நகலெடுக்கவேண்டிய புரோகிராம், தரவுத்தளத்தின் பதிப்போடு பொருந்தாமையால் ஓசையின்றித் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் ஏற்கப்படாமல் போயின. வேறொரு சோதனைக்காகச் சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் கையால் எடுத்த நகல் ஒன்று தற்செயலாக இருந்ததால், எஞ்சியவை பிழைத்தன. அந்த ஆறு மணி நேரப் பதிவுகள் திரும்பவில்லை. நடந்ததை மறைக்காமல் அந்நிறுவனம் உலகறிய வெளியிட்டது. ஒரு தனி மனிதரின் மேல் பழியைச் சுமத்தாமல், அமைப்பில் இருந்த குறைகளை எண்ணிச் சொன்னது. பாராட்டத்தக்க செயல் அது.

ஆகவே மூன்று மாதத்துக்கு ஒரு முறையேனும் வேறொரு கணினியில் நகலை முழுவதுமாக மீட்டு, கடந்த மாத இறுதி இருப்புத் தொகை அதில் சரியாக வருகிறதா என்று பார்க்கவேண்டும். மீட்டுப் பார்க்காத நகலை நகல் என்று கணக்கில் எடுத்துக்கொள்ளலாகாது. தலைமைச் சர்வரின் திரை ஒரு நிறத்திலும் துணைச் சர்வரின் திரை வேறொரு நிறத்திலும் தோன்றுமாறு செய்வது போன்ற எளிய ஏற்பாடுகளும், களைத்த கண்களுக்குப் பெரும் துணையாகும்.

யந்திரத்தின் சாட்சியம்

இதுவரை கூறிய நஷ்டங்கள் ஸ்தாபனங்களுடையவை. தனி மனிதர்களின் வாழ்க்கையைக் குலைத்த நிகழ்ச்சி ஒன்று பிரிட்டனில் நடந்தது. அங்குள்ள தபால் துறையின் கிளைகளில் 1999 முதல் ஹொரைசன் என்னும் கணக்கு மென்பொருள் நிறுவப்பட்டது. பல கிளைகளில், பெட்டியில் இருக்கும் பணத்துக்கும் திரை காட்டும் தொகைக்கும் பொருத்தம் இல்லாமல் போயிற்று. ஒப்பந்தப்படி பற்றாக்குறையைக் கிளை நடத்துபவரே ஈடு செய்யவேண்டும். தம் சேமிப்பைக் கொட்டி ஈடு செய்தோர் பலர். வீட்டை இழந்தோர் பலர். உதவி கேட்டுத் தொலைபேசியில் அழைத்தவர்களில் பலருக்கு, “வேறு எவருக்கும் இத்தொல்லை இல்லை” என்ற விடையே கிடைத்தது. நாம் முதலில் குறிப்பிட்ட ஐந்தாவது வினாவுக்கு உண்மையான விடை அளிக்கப்பட்டிருந்தால், இக்கதை தொடக்கத்திலேயே முடிந்திருக்கும்.

1999-க்கும் 2015-க்கும் இடையில் 900-க்கும் மேற்பட்டோர், திருட்டு, மோசடி, பொய்க்கணக்கு முதலிய குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர். உண்மையில் அம்மென்பொருளில் பழுதுகள் இருந்தன. 2015-இல் ஸ்காட்லாந்தின் டால்மெலிங்டனில் வெளிப்பட்ட பழுதை உதாரணமாகக் கொள்வோம். 8,000 பவுன் தொகை ஒன்றை மாற்றும்போது திரை நகராமல் நின்றது. கிளையில் இருந்தவர் என்டர் விசையை மறுபடியும் அழுத்தினார். அழுத்திய ஒவ்வொரு முறையும் அதே தொகை புதிதாகப் பதிவாயிற்று. நான்கு பதிவுகளின் விளைவாக 24,000 பவுன் இல்லாத பற்றாக்குறை பிறந்தது. ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் தனி எண் ஒன்றை அளித்து, அதே எண் இரண்டாம் முறை வந்தால் புறக்கணிக்குமாறு எழுதியிருந்தால் இது நேர்ந்திராது. மேலும், மென்பொருளை அளித்த நிறுவனத்தின் சிப்பந்திகள் கிளைகளின் கணக்கில் தொலைவிலிருந்தே பதிவுகளைச் சேர்க்க முடிந்தது; அது முடியாது என்றே நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது.

கிளை நடத்தியோர் 555 பேர் சேர்ந்து தொடுத்த வழக்கில், 2019 டிசம்பரில் லண்டன் உயர்நீதிமன்றம் மென்பொருளில் இப்பழுதுகள் இருந்ததை உறுதி செய்தது. 2021 ஏப்ரலில் 39 பேரின் தண்டனைகள் ரத்தாயின. எஞ்சியோரில் மிகப் பலருக்காக 2024 மே மாதத்தில் பாராளுமன்றமே தனிச் சட்டம் இயற்றித் தண்டனைகளை நீக்கவேண்டியதாயிற்று. அதற்குள் அவர்களில் பலர் இறந்துபோயிருந்தனர்.

இந்நிகழ்ச்சியின் பாடம் நமக்கும் உரியது. நம் நாட்டில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதீய சாக்ஷ்ய அதிநியத்தின் 63-ஆம் பிரிவு, கணினிப் பதிவு ஒன்றைச் சாட்சியமாக ஏற்பதற்கு நிபந்தனைகள் விதிக்கிறது. அப்பதிவு உண்டான காலத்தில் கணினி ஒழுங்காக இயங்கியிருக்கவேண்டும். இயங்காதிருந்த காலம் இருப்பின், அது பதிவின் செம்மையைப் பாதித்திருக்கலாகாது. இதற்குச் சான்றிதழும் அளிக்கவேண்டும். அதில் கையெழுத்திடும் நிர்வாகி, எந்த ஆதாரத்தைக் கொண்டு கையெழுத்திடுவார்? கணினியில் நேர்ந்த பழுதுகளை நாள்தோறும் எழுதி வைத்திருந்தால் மட்டுமே அக்கையெழுத்துக்குப் பொருளுண்டு.

ஆகையால் நாம் வலியுறுத்துவது, ஒவ்வொரு காரியாலயத்திலும் பழுதுப் பதிவேடு ஒன்று இருக்கவேண்டும் என்பதே. தேதி, நேரம், முறையிட்டவர், அவர் கூறியது, திரையில் தோன்றிய செய்தி, கண்ட காரணம், செய்த திருத்தம், செய்தவர், சரிபார்த்தவர் என ஒன்பது பத்திகள் போதும். பெரிய ஸ்தாபனங்கள் இதற்கெனத் தனி மென்பொருள் வைத்துக்கொள்ளலாம். சிறிய கடைக்கு நாற்பது பக்க நோட்டுப் புத்தகமே போதுமானது. காரணம் தெரியாத முறையீடுகளையும் அதில் எழுதவேண்டும். இன்னும் சொல்லப்போனால், அவற்றையே முதலில் எழுதவேண்டும். இரண்டு ஊர்களில், இரண்டு வெவ்வேறு மாதங்களில், ஒருவரையொருவர் அறியாத இரண்டு குமாஸ்தாக்கள் ஒரே தொல்லையைக் கூறியிருக்கின்றனர் என்பது அப்பதிவேட்டைப் புரட்டும்போதுதான் தெரியவரும். அந்த இரு வரிகளும் ஒரே ஏட்டில் இருக்குமாயின், கணக்குப் பொருந்தாத நாளில் ஒரு நேர்மையான சிப்பந்தியைக் கள்வன் என்று அழைப்பதற்கு முன் நாம் மென்பொருளைச் சோதித்துப் பார்ப்போம்.